ரசத்துக்கும் கெட்டிக் குழம்புக்கும் நடுவே: மழைக்கால இரவுக்கு வயிறு நிறைக்கும் ஒரு பாத்திரம்

கொண்டல் | திங்கள், இரவு 9.40

நான்கு நாள்களாகச் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வெயிலின் முகம் தெரியவில்லை. மூங்கில் கழியில் காயப்போட்ட துணி வீட்டுக்குள்ளேயே நாறத் தொடங்கிவிட்டது. தரைக்கல்லில் காலை வைத்தால் சில்லிடுகிறது. 23 டிகிரியைக் குளிர் என்று சொன்னால் ஊரிலிருந்து வரும் உறவினர்கள்கூடச் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வருவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டு, காற்று வீசும் ஒன்பதாவது மாடித் தாழ்வாரத்தில் சாவியைத் தேடுபவருக்கு அந்த 23 டிகிரி போதுமான குளிர்தான்.

சென்ற வாரம் குளிர்நாட்டுச் சமையல் காணொளி ஒன்றைப் பார்த்து ஆட்டிறைச்சி ஸ்ட்யூ செய்தேன். வெண்ணெய், மைதா, உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் அடுப்பில் கிடந்தது. வாசம் நன்றாகத்தான் இருந்தது. 78 வயதான என் மாமியார் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் மிளகு ரசம் வையேன்" என்றார். என் கணவர் இரவெல்லாம் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். மறுநாள் மிளகு ரசமே வைத்தேன். எல்லாருக்கும் திருப்தி, ஆனால் பத்தரை மணிக்கு இளைய மகன் பிஸ்கட் டின்னைத் திறக்கும் ஓசை கேட்டது.

ஆகவே என் கேள்வி இதுதான். ரசத்தைப்போல் தொண்டையைத் திறந்து, உடம்பைச் சூடாக்க வேண்டும். ஆனால் சாப்பிட்டவர் விடியும்வரை பசி தெரியாமல் உறங்க வேண்டும். நெஞ்சில் மட்டும் நிற்கக் கூடாது. அப்படி ஒரே பாத்திரத்தில் முடியும் உணவு நம் வீடுகளில் என்னென்ன இருந்தன? நான் வீடு சேர ஏழே கால் மணியாகிவிடும். மாமியாருக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை. வீட்டில் ஐந்து லிட்டர் குக்கரும் இரண்டு அடுப்பும் உள்ளன.

அரைப்படி | திங்கள், இரவு 10.25

அம்மா, அந்த ஸ்ட்யூவின்மேல் கோபப்படாதீர்கள். வெளியே பனி உறைந்து கிடக்கும் ஊரில், விறகு வெட்டிவிட்டு வருகிறவருக்காக உருவான உணவு அது. வெண்ணெயும் மாவும் சேர்ந்த அந்தக் கனம் அங்கே தேவை. நமக்கு வாய்த்திருப்பது ஈரக்குளிர். வடக்கே ஆசிய நிலப்பரப்பில் குளிர்ந்த காற்று தென்சீனக் கடலைக் கடந்து வரும்போது நீரை வாரிக்கொண்டு வந்து இங்கே கொட்டுகிறது. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாள்களில் சாங்கியில் 255 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222 மில்லிமீட்டர்தான். 2018 ஜனவரியில் சில இடங்களில் 22 டிகிரிக்கும் கீழே போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நாகப்பட்டினக் கரையை நனைக்கிறது. அதனால் மழைக்கென்று அங்கே சமைத்த உணவு இங்கேயும் பொருந்துவதில் வியப்பில்லை.

நாவிலும் தொண்டையிலும் சூட்டை உணரும் நரம்புகளையே மிளகின் காரமும் தட்டி எழுப்புகிறது. நெற்றியில் லேசாக வியர்வை பூப்பது அதனால்தான். ரசம் உங்களுக்கு அதைச் செய்தது. அதில் இல்லாதது ஒன்றுதான்: பருப்பின் உடல். தெளிவை மட்டும் ஊற்றிக்கொண்டு அடியில் கிடக்கும் பருப்பை வேறெதற்கோ எடுத்து வைத்தால் பத்தரை மணிக்குப் பிஸ்கட் டின் திறக்கத்தான் செய்யும்.

எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இதற்கு விடை கொள்ளு. ஒரு குவளை கொள்ளைக் கல் பார்த்துக் கழுவி, முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். சரியாக ஊறாவிட்டால் எளிதில் வேகாது. ஏழெட்டு விசில் விட்டாலும் பல்லில் நறுக்கென்று நிற்கும். காலையில் ஆறு குவளை நீர் ஊற்றி, சிறு தீயில் ஏழெட்டு விசில் விட்டு, ஆறியதும் மூடி குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள். மாலையில் நீரை வடித்து அதில் புளி, தக்காளி, நசுக்கிய பூண்டு, சீரகம் சேர்த்து ரசம். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், வரமிளகாய், கொத்தமல்லி விதை, கறிவேப்பிலை ஆகியவற்றோடு வதக்கி அரைத்தால் கடைசல். சூடான சோற்றில் கடைசலைப் பிசைந்து, ரசத்தை மேலே ஊற்றி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டால் உங்கள் மாமியாருக்கு மெல்ல வேண்டிய வேலையே இருக்காது.

இரண்டு எச்சரிக்கைகள். புளியைக் கொள்ளு வேகும்போது சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் எந்தப் பருப்பும் மசிய மறுக்கும். மிளகைக் கடைசியில் தட்டிப் போடுங்கள். நெடுநேரம் கொதித்தால் காரம் ஓரளவு நிற்கும், வாசனை ஆவியோடு போய்விடும்.

தேக்காக் கூடை | செவ்வாய், காலை 7.05

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்றுதானே ஐயா பழமொழி? என் மகள் குச்சிபோல் இருக்கிறாள். கொள்ளு கொடுத்தால் என் அம்மா சண்டைக்கு வருவார்.

அரைப்படி | செவ்வாய், காலை 8.30

அந்தப் பழமொழி குதிரைக்காரர்களிடம் செல்லாது, தங்கையே. எலும்பும் சதையுமாக நாள் முழுதும் ஓடுகிற குதிரைக்குக் கொள்ளு வைத்தே வளர்த்தார்கள். மகளின் தட்டில் அந்த நல்லெண்ணெயை இரண்டு கரண்டியாக்குங்கள். எள்ளும் உள்ளே போய்விடும், அம்மாவும் சமாதானமாகிவிடுவார்.

நாகூர்ப் பேத்தி | செவ்வாய், பிற்பகல் 1.15

கொண்டல் அக்கா, கொள்ளு நல்லதுதான். ஆனாலும் இரவு முழுவதும் தாங்குகிற உணவு என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆட்டுக்கால் பாயாவைத் தவிர வேறொன்றை நினைக்க மாட்டோம். என் உம்மா மழை பிடித்துக்கொண்டால் மூன்றாம் நாள் தேக்கா சந்தைக்குப் புறப்பட்டுவிடுவார். கறிக்கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் தோல் தீய்த்துச் சுரண்டிய கால்களைத் துண்டு போட்டுத் தருவார். உறைந்த கால் பொட்டலங்களும் கிடைக்கின்றன. அவற்றை வாங்கினால் மஞ்சள்தூள் சேர்த்த கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். அந்த ஒரு படியை விட்டால் மொச்சை வாடை கடைசிவரை போகாது.

நான்கு கால்களுக்கு ஒன்றரை லிட்டர் நீர், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, பட்டை, ஏலக்காய், மஞ்சள், உப்பு. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம் வைப்பேன். காலில் இறைச்சி சொற்பம். தோலும் சவ்வும் தசைநாருமே மிகுதி. அவற்றில் உள்ள கொலாஜன் நீண்ட நேரச் சூட்டில் ஜெலட்டினாகக் கரைந்து சாற்றில் இறங்குகிறது. குளிர்பெட்டியில் வைத்த பாயா மறுநாள் காலையில் அகர் அகர்போல் ஆடி நின்றால் சமையல் சரி. மாவும் வெண்ணெயும் கலந்து உங்கள் ஸ்ட்யூவில் வரவழைத்த கெட்டித்தன்மை இங்கே எலும்பிலிருந்தே வருகிறது. உதட்டில் ஒட்டுகிறது, நெஞ்சில் ஒட்டுவதில்லை. மேலே படியும் கொழுப்பை உறைந்தபின் கரண்டியால் வழித்தெடுத்துவிடலாம் என்பதால் உங்கள் கணவருக்கும் இது ஏற்கும் என்று நம்புகிறேன்.

மறுநாள் மாலை மிளகு, சோம்பு, கொத்தமல்லி விதை ஆகியவற்றை வறுத்துப் பொடித்துச் சேர்த்து, இரண்டாம் தேங்காய்ப்பாலில் ஒரு கொதி விட்டு, இறக்கும்போது முதல்பால் ஊற்றுங்கள். ஊர்ச் சமையல் குறிப்புகளில் கசகசா அரைக்கச் சொல்வார்கள். சிங்கப்பூரில் அது கட்டுப்பாட்டுக்குரிய பொருள். ஊரிலிருந்து வருகிறவரிடம் தெரியாமல் சொல்லி அனுப்பி, அவரைச் சாங்கி விமான நிலையத்தில் மாட்டிவிடாதீர்கள். எட்டு முந்திரியை ஊறவைத்து அரைத்தால் அந்தக் குறை தெரியாது. இடியப்பத்தின்மேல் ஊற்றி ஊறவிட்டால் பல் இல்லாதவர்களுக்கும் கவலையில்லை.

பழைய அடுப்பு | செவ்வாய், மாலை 6.50

எல்லாவற்றிலும் உடன்படுகிறேன், குக்கரில் மட்டும் மாறுபடுகிறேன். பாயாவைக் குக்கரில் வைப்பது அதற்குச் செய்யும் அவமரியாதை. கனமான பாத்திரத்தில், குமிழ் வருகிறதா இல்லையா என்று ஐயப்படும் அளவுக்குச் சிறு தீயில் நான்கைந்து மணி நேரம் வைத்தால் சாறு தெளிவாக வரும். குக்கரில் அத்தனையும் கலங்கிப்போகிறது. வெங்காயமும் பூண்டும் முகவரியில்லாமல் கரைந்துவிடுகின்றன. என் பாட்டனார் சிராங்கூன் ரோட்டில் இருந்த காலத்தில் கரியடுப்பில் மாலை ஏற்றி விடியலில் இறக்குவார்களாம்.

நாகூர்ப் பேத்தி | செவ்வாய், இரவு 8.10

அண்ணன் சொல்வது சுவையைப் பொறுத்தவரை சரி. குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரிவரை ஏறுகிறது. திறந்த பாத்திரத்தில் 100ஐத் தாண்டாது. சவ்வு கரையும் வேலை முக்கால் மணியில் முடிவது அதனால்தான், சாறு கலங்குவதும் ஓரளவு அதனால்தான். ஆனால் ஏழே காலுக்கு வீட்டுக்கு வந்து நனைந்த குடையை விரித்து வைக்கிற பெண்ணிடம் ஐந்து மணி நேரச் சிறு தீயைப் பரிந்துரைப்பது எந்த ஊர் நியாயம்? ஞாயிற்றுக்கிழமையென்றால் உங்கள் முறை, கிழமை நாளென்றால் என் முறை. கலங்கலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் திறக்காமல் பொறுத்தால் பாதி குறையும்.

பழைய அடுப்பு | செவ்வாய், இரவு 8.40

ஞாயிறு எனக்குப் போதும். ஒப்புக்கொள்கிறேன்.

பனையோலை | புதன், காலை 10.20

இத்தனை பேர் எழுதியும் ஒடியல் கூழைப் பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லையே! எங்கள் முன்னோர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுத்தர் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் வந்தபோது கொண்டுவந்த பெட்டிகளில் ஒடியல் மா நிச்சயம் இருந்திருக்கும் என்று அம்மம்மா சொல்லுவார். அவருடைய பெட்டியில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு வேண்டியது முதலாவது. அந்த மாவுக்கு இயல்பிலேயே கசப்பு உண்டு. நிறைய நீரில் கரைத்து வைத்து, மா அடியில் படிந்ததும் மேல்நீரை ஊற்றிவிட்டுப் புதுநீர் மாற்ற வேண்டும். குறைந்தது இரண்டு மூன்று தடவை. இதை நான் அலட்சியம் செய்த கதை எங்கள் குடும்பத்தில் இன்றும் ஓடுகிறது. திருமணமான புதிதில் கணவரின் உறவினர் பதினொரு பேரை அழைத்து, நேரமில்லையென்று ஒரே ஒரு தடவை நீர் மாற்றிக் கூழ் காய்ச்சினேன். நண்டு, இறால், கணவாய் என்று எண்பது வெள்ளிக்குக் குறையாமல் போட்ட பானையை ஒருவராலும் இரண்டாம் மிடறு குடிக்க முடியவில்லை. கசப்பு அப்படி. பதினொரு பேரும் பக்கத்து உணவங்காடி நிலையத்துக்கு நடந்து போனார்கள், மழையில்.

ஆறு பேருக்கு 200 கிராம் மா போதும். பெரிய பானையில் நீரைக் கொதிக்கவைத்து ஒரு கைப்பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள் ஆகியவற்றை முதலில் வேகவிடுங்கள். அவை அரைவேக்காடானதும் மீன்தலையும் நண்டும், பிறகு இறாலும் கணவாயும். செத்தல் மிளகாயையும் மஞ்சளையும் அரைத்துக் கரைத்து ஊற்றி, புளிக்கரைசலை அதன்பின் விடுங்கள். அரைப்படி ஐயா சொன்ன விதி இங்கேயும் செல்லும், புளி முந்தினால் பலாக்கொட்டை கல்லாகிவிடும். கடைசியாகப் பிழிந்த மாவைக் கொஞ்சம் நீரில் கரைத்து ஊற்றி, கட்டி விழாமல் துழாவி, ஒரு கைப்பிடி முருங்கையிலையோடு இறக்கவேண்டும். கரண்டியிலிருந்து தடித்த மோர்போல் வழிந்தால் பதம் சரி. ஆற ஆற இறுகும் என்பதால் சற்று நீர்க்க இறக்குவதே நல்லது.

நண்டு என்றதும் சிங்கப்பூரில் எல்லாரும் சில்லி கிராப் கடைகளில் கிடைக்கும் பெரிய இலங்கைச் சேற்றுநண்டை நினைக்கிறார்கள். கூழுக்கு அது வீண்செலவு. ஈரச்சந்தையில் கிடைக்கும் சிறிய பூநண்டை உடைத்துப் போட்டால் சாறு நன்றாக இறங்கும். ஊரில் பிலா இலையைக் கோலி அதில் குடிப்பார்கள். இங்கே பலா மரத்துக்குக் கீழே போய் நின்றால் பூங்காக்காரர் விசாரிப்பார் என்பதால் நாங்கள் கோப்பையில்தான் குடிக்கிறோம். இடையிடையே கடிக்கத் தேங்காய்ச் சொட்டு வைக்க மறவாதீர்கள்.

கொண்டல் | புதன், இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு கொள்ளை ஊறவைத்து இன்று செய்து பார்த்தேன். மாமியார் இரண்டாம் முறை சோறு கேட்டார். இது எங்கள் வீட்டில் அடிக்கடி நடப்பதன்று. ஆனால் இளையவன் கடைசலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு ரசத்தை மட்டும் குடித்தான். மூத்தவன் ராணுவத்தில் தேசிய சேவையில் இருக்கிறான், சனிக்கிழமைதான் வருவான். அவனுக்காகக் கூழ் காய்ச்ச ஆசை. கணவருக்கு ஓட்டுடைய கடல் உணவு ஒத்துக்கொள்ளாது. வெறும் மீனை மட்டும் போட்டால் கூழின் குணம் போய்விடுமா?

இன்னொன்று. இவற்றையெல்லாம் முன்தினமே செய்துவைக்கச் சொல்கிறீர்கள். இரவு பத்து மணிக்குக் கொதிக்கக் கொதிக்க இருக்கும் ஐந்து லிட்டர் பாத்திரத்தை எப்படிக் குளிர்பெட்டியில் வைப்பது? நான் விடியும்வரை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் காலையில்தான் எடுத்து வைக்கிறேன். குளிர்தானே என்று நினைத்தேன்.

பனையோலை | புதன், இரவு 9.50

மீனும் கணவாயும் போதும். ஆனால் ஓடுடையது ஒத்துக்கொள்ளாத சிலருக்குக் கணவாயும் ஒத்துக்கொள்ளாது, கேட்டுக்கொண்டு போடுங்கள். தனியாகப் பெரிய மீன்தலை ஒன்றை அதிகப்படுத்துங்கள், சாறு குறையாது.

ஈரக்கை | வியாழன், காலை 6.30

நான் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். கொண்டல் அவர்களின் கடைசிப் பத்தியைப் படித்ததும் உறக்கம் வரவில்லை, அதனால் விடியற்காலையிலேயே எழுதுகிறேன்.

தயவுசெய்து அந்தப் பாத்திரத்தை விடியும்வரை அடுப்பில் விடாதீர்கள். உடம்புக்குக் குளிராகத் தெரியும் 23 டிகிரி கிருமிக்குச் சொகுசான சூடு. சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே நெடுநேரம் கிடக்கக் கூடாது என்பதே எந்தச் சமையலறையிலும் முதல் பாடம். கஞ்சி, கூழ், சோறு ஆகியவற்றில் இன்னும் கவனம் தேவை. அரிசியில் ஒட்டிவரும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி அவை விடும் நச்சில் ஒருவகை, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. காலையில் நன்றாகச் சூடுபண்ணினேனே என்ற வாதம் அதனிடம் எடுபடாது. எழுபத்தெட்டு வயது வயிற்றுக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. அடுப்பை அணைத்ததும் சாற்றை மூன்று நான்கு அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பங்கிடுங்கள். கழுவும் தொட்டியில் ஒரு விரற்கடை நீரும் பனிக்கட்டியும் நிரப்பி, அவற்றை அதில் இறக்கி வைத்துக் கிளறிவிட்டால் அரைமணியில் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாமே குளிர்பெட்டிக்குள் இருக்க வேண்டும். எடுக்கும்போது அன்றைக்கு வேண்டிய பங்கை மட்டும் எடுத்து, நடுவிலும் குமிழ் விடும்வரை கொதிக்க வையுங்கள். தேங்காய்ப்பாலை அந்தந்த வேளைக்கு மட்டும் சேர்த்தால் இன்னும் நல்லது. பால் சேர்த்த பாயா நம் ஈரக்காற்றில் எல்லாவற்றுக்கும் முன்னே திரிந்துவிடும்.

கஞ்சி வகைகள் குளிர்ந்தால் கல்லாக இறுகும். பயந்துபோய் நிறைய நீரை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டு மத்தால் உடைத்தால் பழைய பதம் திரும்பும்.

நாகூர்ப் பேத்தி | வியாழன், பிற்பகல் 12.40

ஈரக்கை அம்மா சொன்னதை நானும் என் சமையலறைக் கதவில் எழுதி ஒட்டப்போகிறேன்.

இளையவன் கடைசலை ஒதுக்கினான் என்று படித்ததும் எனக்கு நோன்புக் கஞ்சி நினைவுக்கு வந்தது. ரமலான் மாலைகளில் சவுத் பிரிட்ஜ் ரோட்டிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் பெரிய அண்டாக்களில் காய்ச்சி வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் தொடங்கிய பள்ளிவாசல் அது. நோன்பு முடித்த வெறும் வயிற்றுக்கு உடனே ஏறுவதும், ஆனால் இரவுத் தொழுகை முடியும்வரை தாங்குவதும் அந்தக் கஞ்சியின் குணம். கொண்டல் அக்கா கேட்ட நடுவழி உணவு என்று யோசித்தால் பாயாவைவிட இதுவே பொருத்தம். நான்தான் ஆசையில் முதலில் பாயாவை எழுதிவிட்டேன்.

ஒரு குவளை பச்சரிசி நொய், கால் குவளை பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம். எண்ணெயில் பட்டை, ஏலக்காய், ஒரு துண்டு ரம்பை இலை (பாண்டான்), வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றை வதக்கி, 150 கிராம் கொத்துக்கறியை அதில் நிறம் மாறும்வரை புரட்டி, தக்காளி, மஞ்சள், புதினா சேர்த்து, அரிசியையும் பருப்பையும் கொட்டி எட்டுக் குவளை நீர் ஊற்றுங்கள். குக்கரில் நான்கு விசில். திறந்து மத்தால் இரண்டு சுற்று, ஒரு குவளை தேங்காய்ப்பால், தட்டிய மிளகு. ஏழே காலுக்கு வந்தவர் எட்டு மணிக்குக் கோப்பையை நீட்டலாம். முன்தினமே சமைக்கும் தொல்லையே இல்லை. வெந்தயத்தைக் குறைத்துவிடாதீர்கள். அந்த மெல்லிய கசப்புதான் கொத்துக்கறியின் கொழுப்பைத் திகட்டாமல் வைக்கிறது.

தேக்காக் கூடை | வியாழன், மாலை 5.30

என் பங்குக்கு வெண்பொங்கலை எழுதலாம் என்று வந்தேன். மார்கழிக்கு அதைவிட ஏது? ஆனால் நெய் குறைத்தால் வெண்பொங்கல் இல்லை, நெய் குறையாவிட்டால் கொண்டலின் கணவர் மறுபடி நெஞ்சைத் தடவுவார். அதனால் விட்டுவிடுகிறேன். இறைச்சி வேண்டாத நாள்களுக்கு உளுந்தங்கஞ்சி சொல்லலாம்: தோலுடன் கூடிய கறுப்பு உளுந்து ஒரு பங்கு, புழுங்கலரிசி இரண்டு பங்கு, முழுப்பூண்டு ஒன்று, வெந்தயம், கடைசியில் துருவிய தேங்காய். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். அரைப்படி ஐயாவின் எள்ளும் இதில் வந்துவிட்டது.

என் பக்கத்து வீட்டுத் தியோச்சியூ மூதாட்டி காய்ச்சும் கஞ்சியில் அரிசி தனித்தனியாக மிதக்கும். கான்டனீஸ் வீடுகளில் அரிசி இருந்த இடமே தெரியாது. நம் கஞ்சி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்று அவரிடம் சொன்னேன். "அப்படியென்றால் உங்களுடையது இன்னும் வேகவில்லை" என்றார். மறுநாள் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது, உள்ளே நான்கு சிவப்புப் பேரீச்சைகளும் ஒரு துண்டு இஞ்சியும் இருந்தன.

கொண்டல் | ஞாயிறு, இரவு 10.05

விரிவாக எழுத வேண்டிய கடமை எனக்கு உண்டு.

வெள்ளிக்கிழமை நோன்புக் கஞ்சி. நொய் வாங்க மறந்துபோய், இருந்த பச்சரிசியை மிக்சியில் இரண்டு சுற்று விட்டேன். அதில் கொஞ்சம் மாவாகிவிட்டதால் குக்கரின் அடி பிடித்தது. மேலே இருந்ததை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தீய்ந்த வாடை ஏறாமல் காப்பாற்றினேன். ரம்பை இலை கீழ்த்தளத் தோட்டத்திலேயே இருந்தது. எட்டு மணிக்குச் சாப்பிட்டோம். பத்தரைக்கு நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். டின் திறக்கவில்லை.

சனிக்கிழமை மூத்தவன் வந்தான். காட்டில் மூன்று நாள் மழையில் நனைந்த பயிற்சி. விரல்நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பனையோலை அவர்கள் சொன்னபடி ஒடியல் மாவுக்கு நான்கு தடவை நீர் மாற்றினேன், பதினொரு பேர் மழையில் நடந்த காட்சி கண்முன் நின்றதால். கணவரின் பொருட்டு மீன் மட்டுமே போட்டேன்: ஒரு பெரிய சிவப்புமீன் தலையும் அரைக்கிலோ துண்டுகளும். மீன் உடையாமல் பார்த்துக்கொண்டு துழாவுவதற்குள் கை வலித்துவிட்டது. மாமியார் தஞ்சாவூர்க்காரர், ஒடியலை வாழ்நாளில் தொட்டதில்லை. முதல் மிடறில் முகத்தைச் சுளித்தார், இரண்டாவதில் யோசித்தார், பிறகு கோப்பையை நீட்டி, "உளுந்தங்களி மாதிரியும் இருக்கிறது, மீன்குழம்பு மாதிரியும் இருக்கிறது, இதற்கு ஒரு பெயரைச் சொல்லு" என்றார். மூத்தவன் மூன்று கோப்பை குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் சோபாவிலேயே உறங்கிப்போனான். காலணிகூடக் கழற்றவில்லை, நான்தான் கழற்றினேன்.

இன்று ஞாயிறு. பழைய அடுப்பு அவர்கள் சொன்ன சிறு தீயில் பாயா பிற்பகல் இரண்டு மணிக்கு ஏறி ஏழு மணிக்கு இறங்கியது. சாறு உண்மையிலேயே தெளிவாக வந்தது. குக்கரில் செய்து ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வாரம் வேண்டும். மீதியை இரண்டு அகலப் பாத்திரங்களில் ஊற்றிப் பனிக்கட்டித் தொட்டியில் ஆறவைத்து உள்ளே வைத்துவிட்டேன், ஈரக்கை அம்மா. கொழுப்பை நாளைக் காலையில் வழித்தெடுப்பேன்.

ஓர் ஐயம் மட்டும் மிச்சம். சாப்பிட்டபின் குடிக்கச் சுக்குமல்லிக் காப்பி போட்டேன். சுக்கு தீர்ந்துபோனதால் இஞ்சியைத் தட்டிப் போட்டேன். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது தே ஹாலியா (இஞ்சித் தேநீர்), காப்பி இல்லை" என்று தள்ளிவிட்டார். சுக்கும் இஞ்சியும் அவ்வளவு வேறா?

அரைப்படி | ஞாயிறு, இரவு 10.40

மாமியார் பக்கமே நியாயம், அம்மா. இஞ்சி காயும்போது அதிலுள்ள காரப்பொருள் இன்னும் உறைப்பான வேறொன்றாக மாறுகிறது. ஆகவே இஞ்சி நாவில் பட்டதும் சுருக்கென்று குத்தும், சுக்கு தொண்டையில் இறங்கி நின்று எரியும். நாளை தேக்கா பக்கம் போனால் நூறு கிராம் முழுச் சுக்காக வாங்கி, மேல்தோலைச் சுரண்டிவிட்டு வீட்டிலேயே இடியுங்கள். ஒரு பங்கு சுக்குக்கு இரண்டு பங்கு கொத்தமல்லி விதை, இனிப்புக்குக் கருப்பட்டி. காப்பித்தூள் எதுவும் அதில் கிடையாது. பாயாவின் இரண்டாம் பாத்திரத்தைத் திறக்கும் நாளில் போட்டுக் கொடுத்துவிட்டு, மாமியார் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

நாகூர்ப் பேத்தி | ஞாயிறு, இரவு 11.00

அந்த இரண்டாம் பாத்திரத்தைச் செவ்வாய்க்கிழமைக்குள் முடித்துவிடுங்கள், அக்கா. இடியப்பம் பிழிய நேரமில்லாவிட்டால் ரொட்டியைத் துண்டாக்கி அதில் ஊறப்போடுங்கள். உம்மா பார்த்தால் திட்டுவார், ஆனால் நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன்.